வண்டி ஓடும்போது பார்க்க வேண்டும்

அடுத்தவர் தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் தொழில். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஏடிஎம் திரையோ, ஆஸ்பத்திரி டோக்கன் மெஷினோ, செல்போன் செயலியோ, எதுவானாலும் அதைச் செய்தவர்களுக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கும் நடுவில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. சொந்த ஊரில் 'கம்ப்யூட்டர்ல டிசைன் வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவாயா என்று கேட்பார்கள். தருகிறேன் என்று சொல்லிவிடுவது, விளக்குவதைவிடச் சுலபம்.

இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம், "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க." சொல்பவர் படித்தவர் என்றால் அது கொஞ்சம் இஸ்திரி போட்டுக்கொண்டு வரும்: "சாரி, நான் சரியா கவனிக்கலை." பொத்தானைக் கண்ணுக்குப் படாத மூலையில் வைத்தது நாங்கள், மன்னிப்புக் கேட்பது அவர். என் குறிப்பு நோட்டில் இந்த வாக்கியம் வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு வைப்பேன். பிறகு எடுத்துப் பார்த்தால், வட்டம் விழுந்த இடத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் கருவியில்தான் கோளாறு இருக்கும்.

அந்த வாக்கியத்தை நம்ப மறுத்தவர்களால்தான் இந்தத் துறையே உருவானது. இரண்டாம் உலகப் போர்க்காலம். அமெரிக்கப் படையின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தரையில் உரச உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடந்தது. இறங்கியதும் இறக்கையின் மடல்களை உள்ளிழுக்க வேண்டிய விமானி, அதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானியின் அறையை ஆராய்ந்தார். மடலுக்கான விசையும் சக்கரத்துக்கான விசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன; கையால் தொட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்து வந்து, தரையைத் தொட்ட நிம்மதியில் இருக்கும் மனிதர் எதை இழுக்கிறோம் என்று குனிந்து பார்த்துக்கொண்டா இருப்பார்? சக்கர விசையின் முனையில் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரத்தையும், மடல் விசையின் முனையில் ஆப்பு போன்ற ஒரு துண்டையும் பொருத்தச் சொன்னார் சாபானிஸ். விமானிக்குக் கூடுதல் பயிற்சி, எச்சரிக்கைப் பலகை எதுவும் வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது. அமெரிக்க விமான விதிகளே அப்படிக் கேட்கின்றன.

1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 'விமானியின் பிழை' என்று பெயரிடப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஒரு விசைக்குப் பதில் இன்னொன்றைத் தொட்ட கதைகள்தான் அதில் அதிகம். இதே ஃபிட்ஸ் 1954இல் சொன்ன விதியைத்தான் நாங்கள் இன்றும் தினமும் உருட்டிக்கொண்டிருக்கிறோம்: தொட வேண்டியது பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் நேரமாகும், தவறும். இதற்கு ஒரு விதி வேண்டுமா என்று சிரிப்பவர்கள், தங்கள் வங்கிச் செயலியில் ரத்து செய்யும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

பயன்பாட்டு எளிமை என்றால் என்ன என்பதற்கு ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை 1998இல் ஒரு வரையறை தந்தது, 2018இல் திருத்தியது. வந்த வேலை முடிந்ததா, வீண் சிரமம் இல்லாமல் முடிந்ததா, முடித்தவருக்குத் திருப்தியா என்ற மூன்றையும் வகுப்பில் எல்லாரும் ஒப்பிப்பார்கள். நான்காவதாக ஒன்று அதிலேயே இருக்கிறது, அதை ஒப்பிப்பவர் குறைவு. இன்னார், இன்ன வேலைக்காக, இன்ன சூழலில் என்று சொல்லாமல் அந்த மூன்றையும் அளக்கவே கூடாது. 'இந்த மெஷின் எளிமையானது' என்ற பேச்சுக்கே அந்த வரையறைப்படி அர்த்தமில்லை. யாருக்கு, எங்கே நிற்கும்போது, என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசலாம்.

அந்த 'எங்கே நிற்கும்போது' எவ்வளவு கனமானது என்பதை எனக்குக் காட்டியவர்கள் கோவை–பொள்ளாச்சி சாலையில் ஓடும் தனியார் பஸ் கண்டக்டர்கள்.

கையடக்க டிக்கெட் மெஷின் செய்யும் ஒரு கம்பெனிக்காக அப்போது வேலை பார்த்தேன். ஏற்கெனவே சந்தையில் இருந்த மெஷினைப் பற்றி முதலாளிமார்களிடமிருந்து புகார் வந்துகொண்டிருந்தது: கண்டக்டர்கள் தப்புத் தப்பாக டிக்கெட் கிழிக்கிறார்கள், பயிற்சி போதவில்லை. பயிற்சி கொடுக்கும் அறையையே முதலில் போய்ப் பார்த்தேன். ஃபேன் ஓடியது, டீ வந்தது. ஏறும் இடம், இறங்கும் இடம், எத்தனை பேர் என்று வரிசையாகத் தட்டி, எல்லாரும் ஒரு பிழை இல்லாமல் டிக்கெட் எடுத்தார்கள். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மெஷினை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங் அம்மிணி, இங்க எல்லாம் நல்லாத்தானுங் இருக்குது. வண்டி ஓடறப்ப வந்து பாருங்க."

போனேன். உக்கடத்தில் காலை நேர வண்டி. ஏறியவுடன் எனக்குப் புரிந்த முதல் விஷயம், கண்டக்டருக்கு முழுதாக ஒரு கைகூட மெஷினுக்கென்று கிடையாது என்பது. இடது கை விரல்களுக்கு நடுவே நீளவாக்கில் மடித்த நோட்டுகள், பத்து ஒரு இடுக்கில், இருபது ஒரு இடுக்கில். அதே கையின் உள்ளங்கையில் மெஷின். வலது கை தோள்பைக்குள் சில்லறை துழாவும், காசு வாங்கும், டிக்கெட் கிழிக்கும். பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லாததால் உடம்பு சீட்டுக் கம்பியில் இடுப்பால் சாய்ந்து நிற்கும். வாயில் விசில். கண் பயணியின் முகத்தில், அடுத்துப் படிக்கட்டில், அடுத்துக் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொள்பவர் மீது. மெஷின் திரையைப் பார்க்க நேரம் வருவது எப்போதாவதுதான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றால் வெயில் அடித்து, திரையில் எழுத்தே தெரியாது.

அதற்கு முன்னால் இருந்த டிக்கெட் கட்டு என்ற பழைய ஏற்பாட்டை அன்றைக்குத்தான் மரியாதையோடு நினைத்தேன். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு நிறம். எந்தக் கட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். கட்டைவிரலால் ஒரு தள்ளு, ஒரு கிழி. கணக்கு கண்டக்டரின் மண்டைக்குள். நாங்கள் கொடுத்த மெஷினோ ஒரு பயணிக்கு ஆறேழு பொத்தான் கேட்டது. கணக்கை மண்டையிலிருந்து எடுத்துவிட்டு, அந்தச் சுமையைக் கட்டைவிரலில் ஏற்றியிருந்தது.

பிழை எங்கிருந்து வருகிறது என்பது ஈச்சனாரி தாண்டித் தெரிந்தது. அந்த மெஷினில் 'இப்போது எந்த ஸ்டேஜ்' என்பதைக் கண்டக்டர்தான் மாற்றிக்கொண்டே வர வேண்டும். வண்டி குறிச்சியைக் கடந்தால் ஒரு தட்டு, ஈச்சனாரிக்கு ஒரு தட்டு. அவர் பின்பக்கக் கூட்டத்தில் சிக்கியிருக்கும்போது ஈச்சனாரி வந்து போய்விட்டது. மெஷின் இன்னும் குறிச்சியில் நிற்கிறது. ஈச்சனாரியில் ஏறிய அம்மாவுக்குக் குறிச்சியிலிருந்து டிக்கெட் வருகிறது, கட்டணம் கூடுதலாக. "எங்கிருந்து ஏறுனேன், எங்கிருந்து காசு வாங்கற?" என்று சண்டை. மலுமிச்சம்பட்டி வரை ஓய்ந்தபாடில்லை. கண்டக்டர் கடைசியில் தன் தலையிலேயே தட்டிக்கொண்டு, "எம் மேலதானுங்க தப்பு," என்றார். என் நோட்டில் சிவப்பு வட்டம்.

டொனால்ட் நார்மன் போன்றவர்கள் இதை நிலைமாற்றப் பிழை என்பார்கள். கருவி ஒரு நிலையில் இருக்கிறது, மனிதர் அது வேறு நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சரியான பொத்தானையே அழுத்துகிறார். கை செய்தது சரி, விளைவு தப்பு. கருவி தான் இருக்கும் நிலையைச் சத்தம் போட்டுச் சொல்லாதவரை இந்தப் பிழை பயிற்சியால் போகாது. அந்த மெஷினில் நடப்பு ஸ்டேஜின் பெயர் திரையின் அடியில், பேட்டரி அளவுக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. வெள்ளெழுத்து விழுந்த ஐம்பது வயதுக் கண்டக்டர் அதைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடியை எடுக்க எந்தக் கை?

அலுவலகத்தில் வந்து சொன்னதும் பொறியாளர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். ஜிபிஎஸ் வைத்துவிடலாம், வண்டி ஈச்சனாரியைத் தொட்டதும் மெஷின் தானே மாறிக்கொள்ளும், கண்டக்டருக்கு ஒரு வேலை மிச்சம். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வண்டியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: உக்கடத்தில் ஏறிய கூட்டத்துக்கு டிக்கெட் போட்டு முடிக்கும்போது வண்டி ஈச்சனாரியைத் தாண்டியிருக்கும். அதாவது வண்டி இருக்கும் இடம் ஒன்று, கண்டக்டர் போட்டுக்கொண்டிருக்கும் டிக்கெட்டின் இடம் வேறு. மெஷின் தானே முன்னால் தாவினால் உக்கடத்துக்காரர்கள் அத்தனை பேரும் ஈச்சனாரியில் ஏறியதாகக் கணக்காகிவிடும். முதலாளிக்கு நஷ்டம், செக்கிங் வந்தால் கண்டக்டருக்கு வம்பு. ஸ்டேஜ் கண்டக்டரின் கையில்தான் இருந்தாக வேண்டும். செய்ய வேண்டியது அதைக் கைக்கு எட்டுகிற மாதிரி, கண்ணுக்குத் தப்பாத மாதிரி வைப்பதுதான்.

செய்த மாற்றங்கள் கேட்பதற்குச் சாதாரணமானவை. நடப்பு ஸ்டேஜின் பெயர் திரையின் மேல் பாதி முழுக்க, கொட்டை எழுத்தில். ஸ்டேஜை முன்னால் தள்ள ஒரு பொத்தான், பின்னால் இழுக்க ஒரு பொத்தான், இரண்டும் இடது கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் பக்கவாட்டில். முன்னால் தள்ளுவதற்கு மேடான பொத்தான், பின்னால் இழுப்பதற்குக் குழிவான பொத்தான். இதைச் சொன்னபோது ஒரு பொறியாளர் இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் செய்துவிடலாமே என்றார். நிறத்தைக் கண் பார்க்க வேண்டும், கண்ணுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. சாபானிஸின் ரப்பர்ச் சக்கரத்தை அவருக்குக் காட்டினேன்.

எண்களை எப்படி அடுக்குவது என்பதிலும் ஒரு பஞ்சாயத்து. கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே. போனில் 1, 2, 3 மேலே. போனின் அடுக்கு யாரோ ஆசைப்பட்டு வைத்ததல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பல விதமாக அடுக்கி, ஆட்களை அழுத்தச் சொல்லி, நேரத்தையும் பிழையையும் அளந்தார்கள். டைனிங்கர் என்ற ஆய்வாளர் 1960இல் அதை எழுதி வெளியிட்டார். கணக்குப் பிரிவுக்காரர்களுக்குப் பழகிய கால்குலேட்டர் அடுக்கே எங்கள் பழைய மெஷினில் இருந்தது. கண்டக்டர்களின் கட்டைவிரல் போனில் பழகியது. போன் அடுக்குக்கு மாற்றினோம். நடுவில் 5க்கு மேல், போனில் இருப்பது போலவே, ஒரு சின்னப் புள்ளி மேடு. இருட்டில் விரல் அங்கிருந்து வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

எது அதிகம் பயன்படுகிறது என்று கண்டுபிடிக்கக் கணக்கெடுப்பு எதுவும் செய்யவில்லை. பழுதுக்கு வந்து குவிந்திருந்த பழைய மெஷின்களை மேஜையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். சில பொத்தான்களில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. சில பொத்தான்கள் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி பளபளவென்று இருந்தன. அவற்றில் ஒன்று, கூட்டம் போட்டு விவாதித்துச் சேர்த்த ஒரு வசதிக்கானது.

தமிழ் எழுத்துக்கும் ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த திரையில் ஒரு வரிக்கு ஒதுக்கிய உயரம் தமிழுக்குப் போதாது. 'கி'யின் விலங்கு மேலே வெட்டுப்படும், 'கு'வின் வளைவு கீழே வெட்டுப்படும். புள்ளி குறைவான திரையில் 'ண'வும் 'ன'வும் ஒரே சுருளாகத் தெரியும். 'ஒத்தக்கால்மண்டபம்' என்ற பெயரை அந்தத் திரையில் ஒரு வரியில் அடக்கிக் காட்டச் சொன்னால், எழுத்துரு செய்பவர் வேலையை விட்டுப் போய்விடுவார். பெயரைச் சுருக்கலாமா என்று கண்டக்டர்களிடமே கேட்டோம். தங்களுக்குள் 'மண்டபம்' என்றாலே போதும் என்றார்கள். ஆனால் பயணி கையில் கிடைக்கும் டிக்கெட்டில் முழுப்பெயர்தான் வேண்டும். செக்கிங் வரும்போது பேச்சுக்கு இடம் இருக்கக்கூடாது. ஆகவே திரையில் ஒன்று, தாளில் வேறொன்று. ஒரே பெயர் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லும். புத்தகத்தை எழுதியவர் பொள்ளாச்சி வண்டியில் ஏறியதில்லை.

மின்னணு வேலை தொடங்கும் முன்பே, எடையும் அளவும் ஒத்துவரும் மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்து வாங்கிக் கண்டக்டர்களிடம் கொடுத்து, ஒரு டிரிப் முழுக்கக் கையில் வைத்திருக்கச் சொன்னோம். இது என் கண்டுபிடிப்பல்ல. 1996இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியைச் செய்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அப்படியொரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்ததாக எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் கொடுத்த கட்டைகள் திரும்பி வந்தபோது ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. வியர்வையில் நழுவுகிறதாம். இன்னொன்றில் ஓரத்தைப் பிளேடால் சீவியிருந்தார்கள். நோட்டு வைக்கும் இடுக்கில் குத்துகிறதாம். இந்த இரண்டு தகவலையும் எந்தப் பேட்டியிலும் யாரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாய் திறந்து சொல்ல மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் பெரிய சங்கடம். சோதனைக்கு உட்கார்பவரிடம், மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது உலகமெங்கும் வழக்கம். நம் ஊரில் தனக்குத்தானே பேசுபவரைப் பார்க்கும் விதமே வேறு. முன்பின் தெரியாத ஒரு பெண், கையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, மனிதர் வாயைத் திறப்பாரா? கேட்டால், "நல்லாருக்குதுங்க." வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல மரியாதைக்குச் சொல்வது. வாய் அதைச் சொல்லும்போது விரல் மூன்றாவது முறையாகத் தவறான பொத்தானில் இருக்கும்.

இதற்கு எனக்கு வழி காட்டியது நவோமி மியாகே என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரை. தையல் மெஷின் எப்படித் தையல் போடுகிறது என்று இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து யோசிக்க வைத்து, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அவர் கவனித்தார். ஒருவரை ஒருவர் கேட்கும்போது யாரும் செயற்கையாகப் பேச வேண்டியதில்லை. நானும் கண்டக்டர்களை இரண்டு பேராக உட்கார வைத்தேன், ஒருவர் பழையவர், ஒருவர் புதியவர். வாயடைத்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சண்டையே போட ஆரம்பித்துவிட்டார்கள். "அதைய எதுக்குடா அமுக்கற, ரிட்டர்ன் டிக்கெட் வந்துரும்." "அப்பறம் அங்க எதுக்குண்ணா அம்புக்குறி போட்டிருக்கறாங்க?" நான் கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எழுதக் கைதான் போதவில்லை.

எத்தனை பேரை வைத்துப் பார்த்தால் போதும் என்று கம்பெனிகள் எப்போதும் கேட்கும். ஐந்து பேர் என்பது எங்கள் தொழிலின் வேதவாக்கு. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993இல் போட்ட கணக்கு அது: ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும், ஐந்து பேரில் 85 சதவீதம் வந்துவிடும், அதற்கு மேல் பார்த்ததையே திரும்பப் பார்ப்போம். கணக்கு சரிதான். ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரியானவர்களாக, ஒரே சூழலில் இருப்பவர்களாக இருக்கும்வரைதான் அந்தச் சிக்கனம். டவுன் பஸ் கண்டக்டர் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு, இடது கைக்காரரும் இரவு வண்டிக்காரரும் திருச்சி வரை போகும் புறநகர் வண்டிக்காரரும் அதற்குள் அடக்கம் என்று நினைத்தால் ஏமாறுவோம். அதிலும் ஐந்து பேரைப் பார்த்துக் குறையைச் சரிசெய்து, இன்னொரு ஐந்து பேரிடம் கொண்டுபோவதற்குத்தான் நீல்சன் அந்தச் சிக்கனத்தைச் சொன்னார். கம்பெனிகள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன.

எனக்குத் தெரிந்து, இந்த நாட்டில் மிக அதிகம் பேர் தொட்ட, மிகக் குறைவாகக் குழப்பிய கருவி மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்தான். அரசியல் சர்ச்சையை விட்டுவிட்டு வெறும் பொருளாக அதைப் பாருங்கள். பெயர், பக்கத்திலேயே சின்னம், அதே வரியில் ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, அறை முழுக்கக் கேட்கும் 'பீப்'. தாள் காட்டும் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி சீட்டு தெரிகிறது. கண், காது, விரல் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. ஒருமுறை அழுத்திய பிறகு எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் நடக்காது. வாக்குச்சாவடி அதிகாரி தன் பக்கத்திலிருந்து திறந்துவிட்டால்தான் அடுத்தவர் போட முடியும். தப்புச் செய்யாதே என்று சுவரில் எழுதி ஒட்டவில்லை, தப்புச் செய்ய வழியே வைக்கவில்லை. படிக்கத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சின்னம் என்ற ஏற்பாடு அதற்கும் முன்னோடி. 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம்தான். முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, அதன் மேல் சின்னத்தை ஒட்டி, சீட்டை வேண்டிய பெட்டியில் போடச் செய்தார்கள். பயனருக்கு ஏற்ற வடிவமைப்பு என்று அன்றைக்கு யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

நல்ல வடிவமைப்பும் அளவு மீறினால் உடையும் என்பதற்கு ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியே சாட்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்க வைப்பதற்காகக் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, அந்த ஒரு தொகுதியில் 1033 வேட்பாளர்கள். தேர்தலையே தள்ளிவைத்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். மறைப்புக்குப் பின்னால் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டி, தன் வேட்பாளரைத் தேடி முத்திரை குத்திய வாக்காளரை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டே டெபாசிட் தொகையை உயர்த்திச் சட்டம் திருத்தப்பட்டது. சில சமயம் திரையைத் திருத்திப் பயனில்லை, அதற்கு வெளியே இருக்கும் விதியைத்தான் திருத்த வேண்டும். எங்கள் ஆட்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். விதியைத் திருத்தினால் எங்களுக்கு ஃபீஸ் வராது.

டிக்கெட் மெஷினிலும் அப்படி ஒன்றைச் செய்யாமல் விட்டோம். பாக்கிச் சில்லறை. ஐந்து ரூபாய் திருப்பித் தர வேண்டும், கையில் இல்லை என்றால் கண்டக்டர் காதிலிருந்து பேனாவை எடுத்து டிக்கெட்டின் பின்பக்கம் '5' என்று எழுதித் தருவார். இறங்கும்போது பயணி அதை நீட்டினால் காசு. இதை மெஷினிலேயே பதிவு செய்து, பாக்கிப் பட்டியல் காட்டி, மணி அடித்து நினைவூட்டலாம் என்று ஒரு முழு வரைபடமே தயாராக இருந்தது. பேனா அதைவிட வேகம். எழுதியது பயணியின் கையில் இருக்கிறது, அதனால் நினைவு வைத்துக்கொள்ளும் பொறுப்பும் யாருக்கு அக்கறை அதிகமோ அவரிடம் இருக்கிறது. செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: டிக்கெட் தாளின் பின்பக்கத்தில் விளம்பரம் அச்சடிக்க ஒத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு நான் போட்ட சண்டை, திரைக்காகப் போட்ட சண்டைகளைவிடப் பெரியது.

இப்போது அதே சாலையில் வேறு ஒரு தலைவலி. யுபிஐ. டீக்கடையில் அது பிரமாதமாக வேலை செய்கிறது. மாஸ்டரின் ஒரு கையில் பால் சட்டி, இன்னொரு கையில் டம்ளர். பணம் வந்ததா என்று அவர் போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. கல்லாப் பக்கத்துப் பெட்டி தமிழிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறது. சமீபத்தில் நான் பார்த்தவற்றில் இடத்தை உணர்ந்து செய்த கருவி அதுதான். அதைப் பார்த்துவிட்டு, மெஷினிலும் ஒரு ஸ்பீக்கர் வைக்கலாம் என்று ஒரு கம்பெனி கேட்டது. பொள்ளாச்சி வண்டியில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே இளையராஜா பாடுவார். அதற்கு மேலே யார் பேசினாலும் எடுபடாது.

பயணியின் போனில் பச்சை டிக் விழுந்துவிடுகிறது. மெஷின் இன்னும் காத்திருக்கிறது. ஸ்டாப் வந்துவிட்டது, பயணிக்கு இறங்க வேண்டும், டிரைவர் விசிலுக்குக் கண்ணாடியில் பார்க்கிறார். கண்டக்டர் நம்புவதா, இறங்கவிடாமல் நிறுத்துவதா? மெஷின் உள்ளங்கையில் இருப்பதால், பணம் வந்ததும் அது அதிர்ந்து சொல்லட்டும் என்று ஒரு மாதிரி செய்து கொண்டுபோனேன். கிணத்துக்கடவு தாண்டி ஒரு சோதனைப் பணம் அனுப்பிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அனுப்பினேன்.

"அதிருதுங்களாண்ணா?"

"அதிருதுங் அம்மிணி. ஏறுனதுல இருந்தே அதிருது. ரோடு அப்படி."

ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும், இரட்டை விசிலுக்குக் கிளம்பும். கண்டக்டரின் உடம்பில் ஊறிய கணக்கு அது. பணம் வந்தால் சின்னச் சின்னதாக இரண்டு அதிர்வு, வராவிட்டால் நீளமாக ஒன்று, என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை உக்கடத்தில் காலை வண்டி ஏறுகிறேன்.